கனைப்பவர்

4 மார்ச்

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. ஏழு மாதமாக என் குரல் கேட்டதும் போனை வைத்துவிடுகிறவனிடம் நலம் விசாரித்து என்ன ஆகப்போகிறது? இது வேறு விஷயம். உன் ஆள் என் பட்டறைக்கு வந்திருக்கிறார். தயவுசெய்து திரும்ப அழைத்துக்கொள்.

எந்த ஆள் என்று கேட்காதே. ரேடியோவில் நீ சொன்னாயே, "என் பாட்டெல்லாம் நான் போடறதில்லை, ஒருத்தர் வந்து குடுக்கறார், நான் வாங்கி எழுதறேன், அவ்வளவுதான்" என்று. அவர்தான். உன் அத்தான் 'பார்ட்னர்' என்று பேர் வைத்தாரே, அவர். அதே நிகழ்ச்சிக்காக என் வீட்டுக்கும் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம், "யாரும் வர்றதில்லைங்க. தலையைச் சொறிஞ்சுக்கிட்டு ரூமுக்குள்ளயே நடப்பான், நடந்து நடந்து பாட்டு வந்துரும்" என்று நான் சொன்னேன். அதையும் சேர்த்து ஒலிபரப்பிவிட்டார்கள். அன்றைக்குப் போனை வைத்தவன்தான் நீ.

போன வாரம் திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. பட்டறை நீ பார்த்த பழைய இடத்தில் இல்லை. வீட்டின் பின்னறைக்கு மாற்றிவிட்டேன். இப்போது மூன்று பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிறார்கள், பல் செட் செய்து கொடுக்கிறேன். அன்றைக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்காக மெழுகில் பல் நிறுத்திக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். டாக்டரிடமிருந்து ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, "உக்காருங்க, கை வேலையா இருக்கு" என்றேன். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஆனால் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் ஆள் இருப்பது முதுகுக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு மெட்டு. வாய் திறந்து பாடுவது போல இல்லை, மூக்கால் முனகுவது போல. ஒரே ஒரு தடவை.

நான் அதைத் திருப்பி முனகிப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்காதே. பால் பொங்கினால் கை தானாக அடுப்புக்குப் போகிறதல்லவா, அது மாதிரி. தப்பாக முனகியதும் மறுபடி கனைப்பு. சரியாக வந்தால் பேசாமல் இருக்கிறார், பிசகினால் கனைக்கிறார். சாயங்காலம் வரை இதே கூத்து.

விளைவு என்ன தெரியுமா? தலைமையாசிரியருக்கு வலது கோரைப்பல்லை இடது பக்கமும், இடதை வலது பக்கமும் நிறுத்தி அனுப்பிவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தப்பு நான் செய்ததில்லை. டாக்டர் போன் செய்து, "என்னம்மா, மனுஷன் சிரிச்சாக்கூட முறைக்கிற மாதிரியே இருக்கே?" என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பாடும்போது பாட்டு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவனே நீதான். அப்படிப்பட்டவளிடம் வந்து அவர் என்ன செய்யப்போகிறார்? விலாசம் மாறி வந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. உன் அத்தானிடம் சொன்னேன். "வாடகை கேளு. தரலைன்னா பாலிஷ் மோட்டாருக்கு ஒரு பெல்ட்டாவது வாங்கிப் போடச் சொல்லு" என்கிறார். லிஃப்ட் மெக்கானிக்கிடம் வேறு என்ன பதில் எதிர்பார்க்க முடியும்?

பதில் எழுது.

அக்கா

•

9 மார்ச்

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். ரேடியோவில் ஊர் கேட்க என்னைக் கோமாளி ஆக்கியது போதாதென்று, இப்போது வீடு தேடி வந்து கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். உனக்கு ஒன்றும் இல்லை. ஸ்டுடியோவுக்குள் நான் நுழைந்தாலே வயலின்காரர்கள், "சார், இன்னிக்குத் தலை சொறிஞ்சாச்சா?" என்கிறார்கள். தபேலாக்காரன் ஒருநாள் சீப்பை எடுத்து நீட்டினான்.

ஆனால் கிழிக்கவில்லை. காரணம், கனைப்பு.

ஒருவர் வருகிறார் என்று மட்டும்தான் நான் ரேடியோவில் சொன்னேன். ஒரு தடவைதான் முனகுவார் என்றோ, தப்பினால் கனைப்பார் என்றோ யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் இல்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்ற பயம்தான். அப்படியிருக்க உனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒலிபரப்புக்கு அடுத்த வாரத்திலிருந்து அவர் என்னிடம் வருவதில்லை. நீ அப்படிப் பேசியதால் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போனை எடுக்காததற்கு அதுதான் காரணம், ரேடியோ இல்லை. எட்டுப் பாட்டுள்ள கேசட் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஏழு பாட்டு முன்பே வாங்கி வைத்தது, அதனால் தப்பித்தேன். எட்டாவதற்கு என்னிடம் ஒரு வரி மெட்டுக்கூட இல்லை. பாடகியின் தேதி ஏப்ரல் இருபது. அதற்குள் பாட்டு இல்லையென்றால் கம்பெனி வேறு ஆளைப் போட்டு முடித்துவிடும். அதன் பிறகு என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. இப்போதே ஒரு ஹோட்டலில், சாப்பிடுகிறவர்களின் பேச்சுச் சத்தத்துக்கு நடுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன். இது யாருக்கும் தெரியாது.

அவர் என்ன மெட்டுக் கொடுத்தார்? ஒரு கேசட்டில் பாடி அனுப்பு. நீ எப்படிப் பாடினாலும் பரவாயில்லை.

தம்பி

•

15 மார்ச்

தம்பிக்கு,

கேசட் இத்துடன் வருகிறது. பக்கத்தில் யாராவது இருக்கும்போது போடாதே.

எனக்குச் சொல் இல்லாமல் மெட்டு நிற்காது. 'லல்லா' என்று பாடினால் நடுவில் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது. அதனால் கைக்குத் தெரிந்த வரிசையைப் பிடித்துக்கொண்டேன். மேல்தாடை, வலது கோடியிலிருந்து இடது கோடி வரை: கடைவாய்ப்பல், அடுத்த கடைவாய்ப்பல், கோரைப்பல், வெட்டுப்பல் என்று பல்லாகப் பாடியிருக்கிறேன். மெட்டின் முதல் பாகம் மேல்தாடை முழுவதும் சரியாக உட்கார்ந்துவிட்டது. எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே கடைவாய்ப்பல் வருகிறது, எங்கே வெடுக்கென்று நிறுத்த வேண்டுமோ அங்கே வெட்டுப்பல். நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

பாடும்போதெல்லாம் அவர் கனைத்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு கட்டத்தில் எனக்கே கோபம் வந்து, "ஏங்க, இருமல் மாத்திரை வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். உன் அத்தான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு இல்ல. அப்ப இது வேறதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அவர் கோபித்துக்கொண்டது என்னால்தான் என்று எழுதியிருக்கிறாய். கோபித்துக்கொண்டவர் எதற்கு என்னிடமே வருவார்? கொஞ்சம் யோசித்து எழுதக் கூடாதா?

ஹோட்டல் வாசிப்பைப் பற்றி இவரிடம் சொல்லவில்லை.

அக்கா

•

22 மார்ச்

அக்கா,

அவர்தான். சந்தேகமே இல்லை. மூன்றாவது பல்லிலேயே தெரிந்துவிட்டது.

நீ பாடியதில் பாதி சுருதியில் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் கோரைப்பல்லில் ஏறி, இறங்கும் என்று எதிர்பார்க்கிற இடத்தில் இறங்காமல் ஒரு கணம் அப்படியே நிற்கிறதே, அது அவர் பழக்கம். என் பாட்டுகளில் ஜனங்கள் சேர்ந்து பாடுகிற இடமெல்லாம் அந்த மாதிரி இடம்தான்.

பாடகியிடம் போட்டுக் காட்டினேன். யாரும் இல்லாதபோது போடு என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனாலும் போட்டேன். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அப்படியே பல் பேரைச் சொல்லியே பாடினார். முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. பாட்டு எழுதுகிறவர் மட்டும், "சார், சிச்சுவேஷன் என்ன? ஹீரோ பல் டாக்டரா?" என்று கேட்டார்.

அடுத்த பாகம் வந்ததா? அவர் எந்த நேரத்தில் வருகிறார்? ஸ்டூலில்தான் உட்காருகிறாரா? என் அறையில் ஜன்னல் ஓரம்தான் அவர் இடம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்க மாட்டார், எனக்கே தெரியும், அவர் பேசுவதில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

கேசட்டில் வந்து சேர்வதற்குள் நாள் போய்விடுகிறது. நானே வருகிறேன். சனிக்கிழமை கிளம்புகிறேன். அவர் என்னைப் பார்த்தால் திரும்ப வந்துவிடலாம்.

தம்பி

•

26 மார்ச்

வா. அத்தான் ஸ்டேஷனுக்கு வருவார். நீ தூங்கும் அறையில் பிளாஸ்டர் மூட்டைகள் இருக்கின்றன, நகர்த்தி வைக்கிறேன்.

கீழ்த்தாடையில் இடது பக்கம் வந்துவிட்டது. வலது பக்கம் இன்னும் தரவில்லை. பாலிஷ் மோட்டார் ஓடினால் அவர் வருவதில்லை, அதனால் மதியத்தில் அதை நிறுத்திவிட்டு மெழுகு வேலை மட்டும் பார்க்கிறேன். நேற்று அவர் வரவில்லை. பிளாஸ்டரைத் தண்ணீராகக் கரைத்துவிட்டேன், இரண்டு அச்சு பாழ்.

உன்னிடம் மறைப்பானேன். அழைத்துக்கொண்டு போ என்று முதலில் எழுதியவள் நான்தான். இப்போது அவ்வளவு அவசரம் இல்லை.

அக்கா

•

4 ஏப்ரல்

அக்கா,

சொல்லாமல் கிளம்பி வந்ததற்குத் திட்டு. ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

மூன்று மதியம் உன் பட்டறையில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னபடி பேசவில்லை, காலை ஆட்டவில்லை. மூன்று நாளும் "வந்துட்டார்" என்று கண்ணால் ஜாடை காட்டினாய். ஸ்டூலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இருபது வருஷம் என் முதுகுக்குத் தெரிந்தவர், ஒரே அறையில் எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் அழுகை வந்தது. பொறாமை என்றுகூட வைத்துக்கொள். இரண்டாவது நாள் ஸ்டூலைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன்னைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், ஒன்றும் சேர்க்கவில்லை. நீ மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாய். தலையைச் சாய்த்தாய். மேஜையிலிருந்து குழாயடி வரை நடந்தாய், திரும்பி வந்தாய். கத்திப் பிடியால் காதுக்குப் பின்னால் சொறிந்தாய். முனகினாய். பிசகியது. உடனே ஒரு கனைப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அந்தக் கனைப்பு எனக்கும் கேட்டது. கனைத்தது நீ, அக்கா. உன் தொண்டைதான். கனைத்துவிட்டு ஸ்டூல் பக்கம் திரும்பி, "சரி சரி, இருங்க" என்றாய். அடுத்த தடவை பிசகியபோதும் நீதான். மூன்றாவது நாள் முழுவதும் அதையே கவனித்தேன். ஒரு தடவைகூட வேறு இடத்திலிருந்து சத்தம் வரவில்லை.

அத்தானிடம் ராத்திரி சாப்பிடும்போது ஜாடையாகக் கேட்டேன். "உங்க அக்கா சின்னப் பல்லை நிறுத்தும்போது எப்பவுமே கனைப்பாளே, உனக்குத் தெரியாதா? சரியா உக்காந்துட்டா நிறுத்திருவா" என்றார். அதற்கு மேல் எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. விடிவதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

இங்கே வந்ததும் பாடகியைக் கேட்டேன், "நான் பாட்டுப் போடும்போது கனைப்பேனா?" என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், ஊருக்கே தெரியுமே. நீங்க கனைச்சா நாங்களே நிறுத்திருவோம், அந்த டேக் போச்சுன்னு அர்த்தம். அதை வெச்சுத்தானே இத்தனை வருஷமா வேலை ஓடுது" என்றார். பக்கத்தில் இருந்த வயலின்காரர் என்னைப் போலவே ஒருமுறை கனைத்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆக, ரேடியோவில் நீ சொன்னதுதான் உண்மை. யாரும் வருவதில்லை. என்னிடமும் வந்ததில்லை, உன்னிடமும் வரவில்லை. அந்த மெட்டு உன்னுடையது. கேசட்டில் எட்டாவது பாட்டுக்கு உன் பேரைப் போடச் சொல்லப்போகிறேன். கீழ்த்தாடை வலது பக்கத்தையும் நீயே முடித்துக் கொடு. இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

தம்பி

•

8 ஏப்ரல்

டேய்,

திட்டு என்று நீயே எழுதிவிட்டாய், அதனால் மரியாதையெல்லாம் கிடையாது. காலையில் எழுந்து பார்த்தால் படுக்கை காலி. போர்வை மடிக்கவில்லை. உனக்காகப் போட்ட டீ ஆறிப்போய்க் கிடந்தது. அத்தான் தெரு முனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இந்த வயசிலும் உன்னைத் தேடிக்கொண்டு திரிய வேண்டுமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் பேரைப் போடாதே. நான் செய்த பல் செட் டாக்டர் பேரில்தான் போகிறது. வாயில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறவருக்கு நான் யாரென்று தெரியாது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் நான் செய்யாததில் என் பேரைப் போட்டால் வருத்தம்தான். அது என்னுடையதில்லை. நான் கேட்டேன், வாங்கினேன், பல் பேரைச் சேர்த்தேன். அவ்வளவுதான்.

நான் கனைத்தேன் என்கிறாய். இருக்கட்டும். அவர் கனைத்ததைக் கேட்டு எனக்கும் தொண்டை அரித்திருக்கலாம். ஒருத்தர் கொட்டாவி விட்டால் எதிரில் இருப்பவருக்கும் வரவில்லையா? நீ பார்த்தது என்னை மட்டும்தான். அவரைப் பார்க்கவில்லை என்று நீயே சொல்கிறாய். பார்க்காத ஒருவர் இல்லை என்று எப்படிச் சொல்வாய்?

எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, இதெல்லாம் நீ என்னிடம் வாதாட வேண்டிய வாதம். ஏழு மாதம் முன்னால் நான் சொன்னதை இப்போது நீ சொல்கிறாய், நீ சொன்னதை நான் சொல்கிறேன். அத்தானுக்கு இதில் ஒரே சந்தோஷம். "ரெண்டு பேரும் இடத்தை மாத்தி உக்காந்துட்டீங்க. சண்டை மட்டும் அப்படியே இருக்கு" என்கிறார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காமல் பதில் சொல். அவர் இல்லை என்று வைத்துக்கொள். அப்படியானால் இருபது வருஷமாக நீ போட்ட பாட்டெல்லாம் நீ போட்டதுதானே? கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் ஜனங்கள் பாடுவதெல்லாம் உன்னுடையதுதானே? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. எல்லாவற்றையும் என் தலையில் கட்டத்தான் அவசரம். இது உனக்குச் சந்தோஷமான செய்தி அல்லவா? எதற்கு விடிவதற்குள் ஓடினாய்?

நீ போனதிலிருந்து அவர் வரவில்லை. மோட்டாரைப் போடாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நானாக முனகிப் பார்த்தேன், பாதிக் கீழ்த்தாடையோடு நிற்கிறது, அதற்கு மேல் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. கனைப்புகூட இல்லை. நீ சொல்வது போல நானே போட்டதென்றால், மீதியும் வந்திருக்க வேண்டாமா? வலது பக்கம் என்னால் ஆகாது. தேதி நெருங்குகிறது என்பதால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னை நம்பி இருக்காதே.

அக்கா

•

18 ஏப்ரல்

அக்கா,

எதற்கு ஓடினாய் என்று கேட்டாய். இதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனது.

அவர் கொடுக்கிறார் என்றிருந்தவரை, பாட்டு வராத நாளில் நான் சும்மா இருக்கலாம். அவர் வரவில்லை, நான் என்ன செய்ய? ஏழு மாதம் வராதபோதும் அவர் மேல் வருத்தப்படலாம், உன் மேல் கோபப்படலாம். அவர் இல்லையென்றால் அந்த ஏழு மாதமும் வராமல் இருந்தது நான்தான். பழைய பாட்டெல்லாம் என்னுடையது என்று எடுத்துக்கொண்டால், இந்த வெறுமையும் என்னுடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட முடியாது. உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறியது அதனால்தான். நீதான் எல்லாம் என்று உன் தலையில் கட்டியதும் அதனால்தான். நீ கண்டுபிடித்துவிட்டாய்.

உன் கடிதம் வந்த அன்று ஹோட்டலுக்குப் போகவில்லை. கீழ்த்தாடை இடது பக்கத்தை வாசித்தேன். அது முடிகிற இடத்தில் நிறுத்தினேன். ஜன்னல் ஓரத்தைப் பார்க்கக் கூடாது என்று கீபோர்டைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் வந்ததெல்லாம் என் பழைய பாட்டுகளின் வால். அதற்கு அடுத்த நாள், அந்தக் கோரைப்பல் நிறுத்தத்தையே திரும்பக் கொண்டுவந்து வைத்தால் என்ன என்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே வந்த பல். எடுத்துவிட்டேன். இப்படியே ஒவ்வொன்றாக வைத்து, எடுத்து, தேய்த்து, திரும்ப வைத்து. நீ வேலை செய்வதை மூன்று நாள் பார்த்ததில் எனக்கு அது ஒன்றுதான் மிச்சம். இத்தனை வருஷமாக நான் வேலை செய்வதை நானே பார்த்ததில்லை. ஆமாம், கனைத்தேன். நானே கனைக்கிறேன் என்று தெரிந்துகொண்டே கனைத்தேன். முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் மறந்துபோனது.

நேற்று முடிந்தது. பாடகி இன்று பாடிப் பார்த்தார். வார்த்தைகள் வந்துவிட்டன, பல் ஒன்றும் இல்லை. "சார், முடிவு உங்க வழக்கம் மாதிரி இல்லையே" என்றார். நல்லதுக்குச் சொன்னாரா, கெட்டதுக்குச் சொன்னாரா என்று கேட்கத் துணிச்சல் இல்லை. நாளை மறுநாள் பதிவு.

பேர் விஷயம். கம்பெனி மேனேஜர் லேபிளுக்கு, "எட்டாவதுக்கு மியூசிக் யாரு?" என்று கேட்டார். "ரெண்டு பேர்" என்றேன். "இன்னொருத்தர் யாரு?" "எங்க அக்கா." "பேரு?" உன் பேரைப் போடக் கூடாது என்று நீ எழுதியிருக்கிறாய். என் பேரை மட்டும் போட எனக்கு இஷ்டம் இல்லை. "அக்கா, தம்பின்னே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏதோ குழுவின் பேர் என்று நினைத்து எழுதிக்கொண்டு போனார்.

பாடிப் பார்த்ததை ஒரு கேசட்டில் எடுத்து அனுப்புகிறேன். அத்தானின் லிஃப்ட் கம்பெனி வண்டி நாளை அந்தப் பக்கம் வருகிறதாம், அதில் கொடுத்தனுப்புகிறேன், சாயங்காலமே கிடைத்துவிடும். மேல்தாடையும் கீழ்த்தாடை இடது பக்கமும் அப்படியே உன்னுடையது, சுருதி மட்டும் சேர்த்திருக்கிறேன். வலது பக்கம் நான் போட்டது. எங்கே உன்னுடையது முடிகிறது என்று பாடகிக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

இல்லை என்று நான் எழுதியது எழுதியதுதான். இருந்தாலும், ஒருவேளை அவர் உன் பட்டறைக்கு வந்தால், ஒரு தடவை போட்டுக் காட்டு. கனைத்தாரா இல்லையா என்று மட்டும் எழுது. பொய் சொல்லாதே. வண்டி திரும்பும்போது பதிலைக் கொடுத்துவிடு.

தம்பி

•

19 ஏப்ரல், சாயங்காலம்

தம்பிக்கு,

வண்டிக்காரர் வாசலில் நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அவர் வரவில்லை. கேசட் வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் இருந்த சாமானையெல்லாம் எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போட்டேன். முழுப் பாட்டும் ஓடியது. ஒருவரும் வரவில்லை, முதுகுக்கும் ஒன்றும் தெரியவில்லை. இனி வருவார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஸ்டூலில் இப்போது அத்தான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது தடவை அவருக்காகப் போட்டேன். "எந்தப் பக்கம் உன் தம்பி, எந்தப் பக்கம் நீ?" என்று கேட்டார். சொல்லவில்லை.

வலது பக்கத்தில் மூன்றாவது வரி கொஞ்சம் உயரம். வாயை மூடும்போது ஒரே ஒரு பல் மட்டும் முதலில் இடித்தால் எப்படி இருக்கும், அப்படி இடிக்கிறது. பாடகி அங்கே மூச்சு வாங்குகிறார், கேட்டுப் பார். அதை அரைச் சுரம் தேய்த்து இறக்கு. நாளைக்குப் பதிவுக்கு முன்னால் செய்துவிடு. மற்றபடி நன்றாக உட்கார்ந்திருக்கிறது, கை வைக்காதே. கடைசி வரியை நீ எங்கே கொண்டுபோய் விடப்போகிறாய் என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. விட்ட பிறகு, வேறு இடம் இருந்திருக்க முடியாது என்று தோன்றியது.

இதெல்லாம் அவர் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

அக்கா